விமானத்துக்கு மகள் பெயர்!

நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்போம். சைக்கிளுக்குக்கூடச் செல்லப் பெயர் வைப்போம். ஒருவரோ பயணிகள் விமானம் ஒன்றையே சொந்தமாக வாங்கி, அதற்குத் தன் செல்ல மகளின் பெயரை வைத்தார்! அவர்தான் 'ராக் அண்டு ரோல்' இசையின் மன்னர் என்று ரசிகர்கள் கொண்டாடிய அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரஸ்லி.

1975 ஏப்ரலில் எல்விஸ் வாங்கிய விமானம், 'கான்வேர் 880' வகையைச் சேர்ந்தது. டெல்டா விமான நிறுவனத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றது. விலை, இரண்டரை லட்சம் டாலர். நான்கு ஜெட் இன்ஜின்கள் உள்ள விமானத்துக்கு இது அடிமாட்டு விலை! ஏன் இவ்வளவு மலிவு?

பெயரில் உள்ள 880 என்பது வேகத்தைக் குறிக்கும். விநாடிக்கு 880 அடி. அதாவது, மணிக்குச் சுமார் 965 கிலோமீட்டர்! ஆனால், போயிங் 707-ல் ஒரு வரிசைக்கு ஆறு பேர் உட்காரலாம். இதில் ஐந்து பேர்தான். எரிபொருளையோ மடக் மடக்கென்று குடிக்கும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலை கிடுகிடுவென ஏறியதும், இதை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. இந்த வகையில் தயாரானதே மொத்தம் 65 விமானங்கள்தான்.

யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதானே கஷ்டம்? எல்விஸ் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. வரிசை வரிசையாக இருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு வீட்டையே கட்டச் சொன்னார். வாங்கிய விலையைவிட அதிகமாக இந்த வேலைக்குச் செலவானது!

உட்கார்ந்து பேச ஒரு ஹால், கூட்டம் நடத்த ஓர் அறை, டி.வி.க்கள், தொலைபேசி, தங்கத் துகள்கள் மின்னும் வாஷ்பேசின்... படுக்கையறையில் பெரிய கட்டிலும் உண்டு. அந்தக் கட்டிலுக்கும் சீட் பெல்ட்! சிரிக்காதீர்கள். விமானம் குலுங்கும்போது தூங்குகிறவர் உருண்டு விழக்கூடாதே!

வால் பகுதியில் எல்விஸின் மின்னல் சின்னம். மூக்குப் பகுதியில் 'லிசா மேரி' என்ற மகளின் பெயர்.

1976 பிப்ரவரி 1, லிசா மேரிக்கு எட்டாவது பிறந்தநாள். அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நண்பர்களோடு மெம்பிஸிலிருந்து டென்வருக்கு இதே விமானத்தில் போய் இறங்கினார் எல்விஸ். தூரம், சுமார் 1,400 கிலோமீட்டர். எதற்குத் தெரியுமா? சாண்ட்விச் சாப்பிட! முழு ரொட்டியைக் குடைந்து, வேர்க்கடலை வெண்ணெய், திராட்சை ஜெல்லி, பொரித்த பன்றி இறைச்சி எல்லாம் அடைத்தது. உணவகக்காரர்களே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க, அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தச் சாண்ட்விச்சுக்கு ஆன எரிபொருளை நினைத்தால் நமக்குத்தான் தலை சுற்றுகிறது!

1977-ல் எல்விஸ் இறந்துபோனார். மறு ஆண்டே விமானம் கைமாறியது. பிறகு 1984-ல் மெம்பிஸுக்கே திரும்பி, அவருடைய 'கிரேஸ்லேண்ட்' மாளிகைக்கு எதிரே காட்சிப் பொருளானது. 2015 தொடக்கத்தில் விமானத்தை விற்கப் போவதாகச் செய்தி வந்ததும் ரசிகர்கள் பதறிவிட்டனர். அந்த ஏப்ரலில், 'விமானம் இங்கேயேதான் இருக்கும்' என்ற நல்ல செய்தியை அறிவித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் லிசா மேரிதான்! அப்போது அவருக்கு வயது 47.

2023-ல் அவரும் காலமானார். விமானம் இன்றும் அங்கேதான் நிற்கிறது. பார்க்க வருபவர்கள் படியேறி உள்ளே போய், அந்த பெல்ட் போட்ட கட்டிலைப் பார்த்துவிட்டு வரலாம்.