விண்வழித் தொலைவும் கிப்லாவும்

சென்னையிலிருந்து ஹஜ் பயணம் மேற்கொள்வோர் பலர் ஜித்தா விமான நிலையத்தில் சென்றிறங்குகின்றனர். இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள விண்வழித் தொலைவு எவ்வளவு? தேசப்படத்தின் மீது அளவுகோலை வைத்து அறிந்துகொள்ளலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழையான முறையாகும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தொலைவோ திசையோ திரியாமல் இருப்பதில்லை.

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். அதன் நீளத்தைக் காண, வடதுருவத்தையும் இரு நகரங்களையும் முனைகளாகக் கொண்ட ஒரு கோள முக்கோணத்தை நாம் அமைக்கின்றோம். துருவத்திலிருந்து நகரங்களை நோக்கி இறங்கும் இரு பக்கங்களை அட்சரேகைகளும், துருவத்தில் அமையும் கோணத்தைத் தீர்க்கரேகைகளின் வேறுபாடும் தருகின்றன. மூன்றாவது பக்கமே நாம் தேடும் தொலைவு.

சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99, கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையிலும், ஜித்தா விமான நிலையம் 21.68, 39.16 பாகையிலும் உள்ளன. அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்க 0.083 கிடைக்கிறது. அவற்றின் கோசைன்களோடு, தீர்க்கரேகை வேறுபாடான 41.01 பாகையின் கோசைனையும் பெருக்க 0.683 கிடைக்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை 0.766. இதனைக் கோசைனாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 39.98 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் எனக் கொண்டால் தொலைவு ஏறக்குறைய 4,445 கிலோமீட்டர் ஆகும். வான்தடங்களின் வளைவுகளால் விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதனினும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இம்முக்கோணத்தில் ஜித்தாவுக்குப் பதிலாக மக்காவை வைத்தால், சென்னையில் அமையும் கோணம் கிப்லாவைக் காட்டிவிடுகிறது. அது நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை. தட்டைப் படத்தில் கோடிழுப்போர்க்கோ 12 பாகையே கிடைக்கும். நியூயார்க்கில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. மக்கா அந்நகரினும் தெற்கு அட்சரேகையில் இருப்பினும், அங்கு கிப்லா வடகிழக்கில் அமைகிறது. வடகிழக்காகச் செல்லும் பெருவட்ட வழி ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர். கடலோடிகளின் படத்தில் நேர்கோடாகத் தோன்றும் வழியோ அதனினும் சுமார் 650 கிலோமீட்டர் நீண்டது.

இக்கணிதத்திற்கு முஸ்லிம் அறிஞர்கள் ஆற்றிய பணி பெரிது. ஒரு பாகையின் நீளத்தை அறிய, 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா மாமூன் ஸின்ஜார் சமவெளிக்கு வானியலாரை அனுப்பினார். கி.பி. 997இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் அல்பீரூனியும் பக்தாதில் அபுல் வஃபாவும் முன்னேற்பாட்டுடன் ஒருங்கே நோக்கினர். இரு நகரங்களின் நேர வேறுபாட்டிலிருந்து தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டனர். ஒரு மணி நேரம் 15 பாகைக்குச் சமம்.

கி.பி. 1025இல் கஸ்னாவில் அல்பீரூனி நிறைவு செய்த 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூல் நமது கணக்கின் மறுதலையாகும். தீர்க்கரேகைகளை அறிந்து தொலைவைத் தேடுகின்றோம் நாம். வணிகக் கூட்டங்கள் கடந்த வழித்தூரங்களை அறிந்து தீர்க்கரேகைகளைத் தேடினார் அவர். பாதைகள் வளைந்து செல்வதால் அத்தூரங்களைக் குறைத்துக்கொண்டு, ரய், பல்க் முதலிய இடைநகரங்களின் வழியே முக்கோணங்களை அடுக்கிச் சென்றார். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே அவர் பெற்ற வேறுபாடு, உண்மை அளவான ஏறத்தாழ 24 பாகைக்கு மிக நெருங்கியது. கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக நிறுவுவதே இத்தனை உழைப்பின் நோக்கம்.

எனவே, புதிதாகப் பள்ளிவாசல் எழுப்புவோர் தேசப்படத்தில் கோடிழுத்து மிஹ்ராபின் திசையைக் குறித்தல் தகாது. முன்னோர் வழங்கிச் சென்ற அந்த முக்கோணத்தைக் கொண்டு ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.