தீப்பொறி எழுப்பாத கத்தி

தீப்பொறி எழுப்பாத கத்தி என்பது, மோதும்போதோ உராயும்போதோ எளிதில் பொறி தோன்றாத உலோகத்தால் செய்யப்படும் கத்தி ஆகும். விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் திரி வெட்டுவது போன்ற வேலைகளுக்கு இத்தகைய கத்தியே பாதுகாப்பானது. சட்டைப்பையில் வைக்கும் எஃகு மடக்குக்கத்தியை மருந்து கையாளும் அறைக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

காரணம்

எஃகு கல்லில் மோதும்போது பெயரும் சூடான துகள், காற்றில் எரிந்து பொறியாகிறது. செம்புக் கலவைகளின் துகள் அவ்வாறு எளிதில் எரிவதில்லை.

தேர்வு

பித்தளை, அலுமினிய வெண்கலம், பெரிலியம் செம்பு ஆகியவை பயன்படுகின்றன. இவற்றுள் பெரிலியம் செம்பு மிகக் கடினமானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதைச் சாணை பிடிக்கையில் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மடக்குக்கத்தியின் அலகு பித்தளையானாலும் அதன் வில்லும் ஆணியும் எஃகாக இருக்கலாம். மடிப்பில் மருந்துத்தூளும் தங்கும். எனவே மடக்காத கத்தியே ஏற்றது. காந்தச் சோதனை மட்டும் போதாது. சிலவகைத் துருவேறா எஃகும் காந்தத்தில் ஒட்டாது.

பராமரிப்பு

மென்மையான உலோகம் என்பதால் கூர் விரைவில் மழுங்கும். மருந்தைத் துடைத்துவிட்டு, வேலை அறைகளுக்கு வெளியே தீட்ட வேண்டும். இரும்பு தீட்டிய கல்லில் தீட்டினால் இரும்புத்துகள் அலகில் பதிந்து மீண்டும் பொறிக்கு வழிவகுக்கும்.

வரம்பு

இக்கத்தி ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. உராய்வாலும் நிலைமின்சாரத்தாலும் மருந்து தீப்பற்றக்கூடும்.