நாடாளுமன்றம் வந்தது, வாக்குரிமை போனது

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் பகுதி மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் இருக்கிறார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு ஆவணங்கள் அவர்களைக் குறிப்பிடும். பிறந்த மண்ணை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். ஆனால் அதற்கான காரணம் அதற்கும் முன்பே உருவாகிவிட்டது. அதைப் புரிந்துகொண்டால், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மேற்கத்திய ஆட்சிமுறை ஏன் தடுமாறியது என்பதும் விளங்கும்.

1931-ல் வந்த டொனமூர் அரசியல் யாப்பு, லண்டன் பாணி அமைச்சரவையை இலங்கைக்குத் தரவில்லை. சட்டசபை உறுப்பினர்கள் அனைவரும் ஏழு குழுக்களாகப் பிரிந்து நிர்வாகத்தில் பங்குபெறும் முறையைத் தந்தது. கட்சிகள் வேரூன்றாத, பல இனங்கள் வாழும் நாட்டுக்கு இதுவே பொருந்தும் என்று ஆணைக்குழு கருதியது. ஆனால் 1936-ல் ஏழு குழுக்களுக்கும் சிங்களவர்களே தலைவர்களாக வந்தார்கள். உள்ளூர்த் தலைவர்களும் லண்டனில் உள்ளதே வேண்டும் என்றார்கள். 1947-ல் அது கிடைத்தது.

பிரிட்டனில் இன்று தோற்ற கட்சி நாளை வெல்லும், ஏனென்றால் வாக்காளர் மனம் மாறுகிறார். பிறப்பைப் பார்த்து வாக்கு விழும் நாட்டில் அந்த மாற்றம் எங்கிருந்து வரும்? எண்ணிக்கையில் சிறியவர் எப்போதும் எதிர்வரிசையில்தான்.

இதை அறிந்தே சோல்பரி யாப்பில் 29-வது பிரிவு சேர்க்கப்பட்டது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் செல்லாது என்றது அது. ஆனால் 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் இந்திய வம்சாவளியினர் நாடற்றவர்களானார்கள். மறு ஆண்டே வாக்குரிமையும் போனது. வியாபாரத்துக்காகச் சென்று தங்கிவிட்ட நம் முஸ்லிம்களையும் இதே சட்டம் பாதித்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-ல் தோற்றது. 1972 யாப்பில் அந்தப் பிரிவே இல்லை.

மேற்கிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு முறை கெட்டது என்று நான் சொல்லவில்லை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கை சட்டம் போட்ட அதே 1956-ல், இந்தியா மொழிவழி மாநிலங்களை அமைத்தது. இரண்டு நாடுகளுக்கும் மூல அச்சு பிரிட்டனுடையதுதான். இங்கே அதை நம் நிலைமைக்கேற்ப வளைத்துக்கொண்டோம்.

பல இனங்கள் இருப்பதால்தான் சிக்கல் என்று சிலர் சொல்வார்கள். சோமாலியாவில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள், பெரும்பாலோர் பேசுவதும் ஒரே மொழி. 1960-ல் விடுதலையோடு நாடாளுமன்ற ஆட்சியும் வந்தது. 1969 தேர்தலில் 123 இடங்களுக்கு 60-க்கும் மேற்பட்ட கட்சிகள் போட்டியிட்டன. கட்சி என்பது பெயரளவில்தான். பின்னால் நின்றவை கபீலாக்களும் அவற்றின் கிளைகளும். வென்ற பிறகு எதிர்க்கட்சியினர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கே தாவினார்கள். அக்டோபரில் அதிபர் சுட்டுக்கொல்லப்பட்டார், ஆறே நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1991-ல் அந்த ஆட்சியும் விழுந்தபோது அரசு என்று ஒன்றே இல்லாமல் போனது.

அதன் வடபகுதியான சோமாலிலாந்து வேறு வழியில் போனது. 1993-ல் போராமா நகரில் கபீலா பெரியவர்கள் மாதக்கணக்கில் அமர்ந்து பேசினார்கள். 'குர்ட்டி' எனப்படும் பெரியவர்கள் சபையையே நாடாளுமன்றத்தின் மேலவையாக்கினார்கள். ஊர் ஜமாஅத்தில் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கட்சித் தேர்தலெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. 2003 அதிபர் தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 80 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டது. வேறெங்காவது என்றால் துப்பாக்கி எடுத்திருப்பார்கள். அங்கே வழக்கு நடந்தது, பெரியவர்கள் பேசினார்கள், தோற்றவர் ஏற்றுக்கொண்டார்.

அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. குர்ட்டிக்கு மக்கள் வாக்களிக்கும் தேர்தல் நடக்கவே இல்லை, பதவிக்காலம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. 2023-ல் லாஸ் அனோட் நகரில் மூண்ட சண்டை, கிழக்கே உள்ள கபீலாக்கள் அந்த ஏற்பாட்டைத் தங்களுடையதாக நினைக்கவில்லை என்பதைக் காட்டியது.