விழுந்தவர் எழும் நாளை யார் முடிவு செய்வது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மலைகளும் கடல் நீரும் சந்திக்கும் இடத்தில் ஸ்குவாமிஷ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், மிதிகட்டை இல்லாத சின்னஞ்சிறு வண்டியைக் காலால் உந்தியபடி படிகளிலும் சரிவுகளிலும் பாய்ந்து இறங்கும் காணொலி பல ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் பரவியது. அச்சிறுவனின் பெயர் ஜாக்சன் கோல்ட்ஸ்டோன். 2021-இல் இத்தாலியின் வால் டி சோலேயில் இளையோருக்கான உலகச் சாம்பியன் பட்டத்தை அவர் வென்றார். 2022-இல் வேல்ஸ் நாட்டின் மலைப்பகுதியில் நடைபெறும் 'ஹார்ட்லைன்' என்ற மிகக் கடுமையான பந்தயத்தில், 18 வயதில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு மூத்தோர் பிரிவுக்கு உயர்ந்த சில வாரங்களிலேயே, அதே வால் டி சோலேயில், உலகக் கோப்பைச் சுற்று ஒன்றையும் வென்றார்.

2024 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா தீவில் உள்ள மேடெனாவுக்கு ஹார்ட்லைன் பந்தயத்துக்காகச் சென்ற இடத்தில் விழுந்தார். கால்பந்து வீரர்களின் வாயிலாக நமக்குப் பழகிப்போன 'ஏசிஎல்' எனும் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் எந்த உலகக் கோப்பைப் பந்தயத்திலும் இறங்கவில்லை. இருபது வயதில், உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஓராண்டு என்பது சிறிய காலம் அன்று. அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் அந்த வெற்று ஆண்டைப் பற்றிப் பேசுவதே பயனுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

'டவுன்ஹில்' எனப்படும் இந்த மலைச்சரிவு மிதிவண்டிப் பந்தயத்தின் இலக்கணம் எளியது. மலையுச்சியில் இருந்து ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். எவர் குறைந்த நேரத்தில் அடிவாரத்தை அடைகிறாரோ அவரே வெற்றியாளர். பாதையின் நீளம் ஒன்றரை கிலோ மீட்டர் முதல் மூன்றரை கிலோ மீட்டர் வரை இருக்கலாம். ஓட்டம் இரண்டு முதல் ஐந்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்கிறது சர்வதேச மிதிவண்டிக் கூட்டமைப்பின் விதி. அந்தச் சில நிமிடங்களுக்குள் வேர்கள், வழுக்குப் பாறைகள், சேறு, செங்குத்தான இறக்கங்கள், இருபது முப்பது அடி இடைவெளியைத் தாண்டும் பாய்ச்சல்கள் அனைத்தும் வந்துபோகும். முன்னும் பின்னும் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கி எழும் அதிர்வுதாங்கிகள் கொண்ட வண்டி அது. சைக்கிள் என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் காட்சிக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

இதன் தோற்றுவாய் கலிபோர்னியாவின் மரின் மாவட்டம். 1976-இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, பழைய கனத்த மிதிவண்டிகளை மண்பாதையில் இறக்கி நேரம் குறித்த நண்பர்கள் சிலர், அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயரிட்டனர். மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் இயங்கும் அந்தக் காலத்துப் பிரேக், ஒரே இறக்கத்தில் சூடேறி உள்ளிருக்கும் மசகு முழுவதும் புகைந்துவிடும். மறுபடியும் மசகு நிரப்பினால்தான் வண்டி ஓடும். மீண்டும் நிரப்புவது என்ற பொருளிலேயே அப்பெயர் வந்தது. 1990-இல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த முதலாவது அதிகாரபூர்வ மலை மிதிவண்டி உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே மலைச்சரிவுப் பந்தயமும் இடம்பெற்றது.

இதில் விழுவது ஏன் இத்தனை இயல்பாகிறது? கடிகாரம் என்ற எதிராளியின் குணம்தான் முதற்காரணம். மற்ற ஓட்டப் பந்தயங்களில் அருகில் ஓடுபவரைப் பார்த்து வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். இங்கே முன்னால் யாரும் இல்லை. நேரம் மட்டுமே இருக்கிறது. முதலிடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையே பெரும்பாலும் சில நொடிகளே இருக்கும். எந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டாலும் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம் ஒவ்வொரு வளைவிலும் உடன் வருகிறது.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. இந்தப் பாய்ச்சல்களில் பலவற்றைப் பாதி வேகத்தில் ஒத்திகை பார்க்க இயலாது. இடைவெளியைத் தாண்டுவதற்கு உரிய வேகத்தில் சென்றால் அக்கரையில் இறங்கலாம். தயங்கினால் நடுவில் விழ வேண்டியதுதான். எனவே, தயக்கம் இங்கே பாதுகாப்பு அன்று. அதுவே பல வேளைகளில் விபத்தின் காரணம். வீரர்கள் முதலில் பாதையை நடந்து பார்க்கிறார்கள். பின்னர் பயிற்சி ஓட்டங்களில் ஒவ்வொரு பகுதியையும் உடலுக்கு மனப்பாடம் செய்விக்கிறார்கள். இந்த மனப்பாடம் முடிவதற்குள் விழுபவர்கள் பலர். பார்வையாளர் நிறைந்த இறுதிச் சுற்றைக் காட்டிலும் கவனிப்பாரற்ற பயிற்சி நாள்கள் எவ்வகையிலும் குறைந்த ஆபத்துடையவை அல்ல.

2019-இல் கனடாவின் மோன்-சான்-ஆன் மலையில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், நியூசிலாந்து வீரர் புரூக் மெக்டொனால்டு முதுகெலும்பு நொறுங்கி விழுந்தது பயிற்சியின்போதுதான். கால்களில் உணர்வு மரத்த நிலையில் அவர் மலைச்சரிவிலேயே மீட்பு ஹெலிகாப்டருக்காக நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஊன்றுகோலோடு நடக்கக் கற்று, மறுபடியும் பந்தயத்துக்கு அவர் திரும்பியதை உலகம் கொண்டாடியது. கொண்டாட்டம் நியாயமானதே. ஆயினும், பந்தயப் பாதையில் இருந்து அறுவைச் சிகிச்சை மேசைக்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் அமுங்கிப் போய்விடக் கூடாது.

காயங்களின் அளவு குறித்து ஓரளவு தெளிவான கணக்கு இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுப் பருவத்தில் 249 மலைச்சரிவு ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவ ஆய்வு ஒன்று 494 காயங்களைப் பதிவு செய்தது. அதாவது, ஒவ்வோர் ஆயிரம் மணி நேர ஓட்டத்துக்கும் ஏறத்தாழ 17 காயங்கள். இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு சிராய்ப்பு, கன்றிப்போதல் போன்ற எளிய காயங்கள். 13 விழுக்காடு கடுமையானவை. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொரு செய்தி. தொழில்முறை வீரர்களின் காய விகிதம், அவர்களுக்கு ஒரு படி கீழே உள்ள தேர்ந்த ஓட்டக்காரர்களின் விகிதத்தைவிடக் குறைவாக இருந்தது. திறமை வளர்ந்து, துணிவு அதைவிட வேகமாக வளர்ந்துவிட்ட அந்த இடைக்கட்டத்தில்தான் இளையவர்கள் மிகுதியாக விழுகிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

உடல் எவ்வாறு முறிகிறது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விழும்போது கையை நீட்டித் தரையைத் தாங்குவது மனித இயல்பு. அந்த அதிர்ச்சி உள்ளங்கையில் தொடங்கி முழங்கை, தோள் வழியே மேலேறி, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பை முறிக்கிறது. இந்த விளையாட்டில் காறை எலும்பு முறியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும். மணிக்கட்டில் உள்ள படகெலும்பு அப்படியன்று. அதற்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையில் இருந்தே செல்வதால், நடுவில் முறிந்தால் மறுமுனை பட்டினி கிடந்து அழிந்துபோகவும் கூடும். முதல் எக்ஸ்ரே படத்தில் அந்த முறிவு கண்ணில் படாமல் போவதும் உண்டு. வெறும் சுளுக்கு என்று எண்ணி அடுத்த வாரமே வண்டி ஏறும் பதினேழு வயது இளைஞர், தம் மணிக்கட்டின் எதிர்காலத்தை அறியாமலேயே பணயம் வைக்கிறார்.

தலையின் கதை இன்னும் சிக்கலானது. முகத்தையும் மூடும் தலைக்கவசம் இப்பந்தயத்தில் கட்டாயம். அது மண்டையோட்டைக் காக்கிறது. தாடையையும் பற்களையும் காக்கிறது. ஆனால், தலை திடீரென்று திரும்பும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் முற்றிலும் தடுக்க முடியாது. மூளையதிர்ச்சி என்பது அதுதான். அதற்கு ரத்தம் வராது, மாவுக்கட்டு கிடையாது, வழக்கமான ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தலைவலி, வெளிச்சம் கூசுதல், சொல் தடுமாறுதல், காரணமற்ற எரிச்சல் ஆகியவையே அடையாளங்கள். இந்த அடையாளங்களைச் சொல்ல வேண்டியவர் யார்? அடிபட்ட அந்த மூளைக்கு உரியவர். அவரோ மறுநாள் காலைத் தகுதிச் சுற்றில் இறங்கத் துடிப்பவர். தன் வழக்கில் தானே சாட்சி, தானே நீதிபதி என்ற நிலை இது.

கூட்டமைப்பு மூளையதிர்ச்சிக்கான நெறிமுறை ஒன்றை வகுத்திருக்கிறது. அறிகுறிகள் அனைத்தும் முற்றிலும் மறைந்த பிறகு, மூத்தோர் ஒரு வாரமும், இளையோர் இரண்டு வாரங்களும் கழித்தே போட்டிக்குத் திரும்பலாம் என்பது அதன் சாரம். இளையோருக்கு ஏன் இரட்டிப்புக் காலம்? வளரும் மூளை தேறி வர அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் அரிய நிகழ்வும் பெரும்பாலும் இளையோரிடமே பதிவாகியிருக்கிறது. விதி நல்லதே. ஆனால், அது செயல்படத் தொடங்குவது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகுதான். சிறிய பந்தயங்களில் கேட்பதற்குக்கூட ஆள் இருப்பதில்லை.

கோல்ட்ஸ்டோனின் முழங்காலுக்கு வருவோம். ஏசிஎல் அறுவைச் சிகிச்சையில், பெரும்பாலும் உடலின் வேறிடத்தில் இருந்து எடுத்த தசைநாண் துண்டு ஒன்றை முழங்காலுக்குள் பொருத்துகிறார்கள். வலி சில வாரங்களில் தணிந்துவிடும். நான்காவது ஐந்தாவது மாதத்தில் கால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால், பொருத்தப்பட்ட திசு அப்போதும் உள்ளுக்குள் உருமாறிக்கொண்டுதான் இருக்கும். 2016-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. வலி நின்ற நாளுக்கும் கால் குணமான நாளுக்கும் இடையே உள்ள இந்த மாதங்கள்தான் ஓர் இளைஞருக்கு மிகக் கடினமானவை. நோயாளியாக இருப்பதற்கு அவருக்குக் காரணம் எதுவும் தெரியாது. வீரராக இருப்பதற்கு அனுமதியும் கிடையாது.

கோல்ட்ஸ்டோனால் காத்திருக்க முடிந்தது. அவருக்குப் பின்னால் வண்டி நிறுவனத்தின் அணியும் விளம்பர ஒப்பந்தமும் இருந்தன. இதே முழங்கால், சொந்தச் செலவில் வேன் ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவின் மலைகளைச் சுற்றும் அணி சாராத இளைஞருடையதாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? உலகத் தரவரிசை, கடந்து சென்ற 52 வாரங்களின் முடிவுகளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. படுத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் புள்ளிகள் உதிர்கின்றன. புள்ளி உதிர்ந்தால் பெரிய பந்தயங்களில் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் ஆதரவாளரும் இல்லை. ஏழாவது மாதத்தில் அவர் வண்டி ஏறினால் அதை அசட்டுத் துணிச்சல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அது பெரும்பாலும் வருமானக் கணக்காகவே இருக்கும்.

இந்த விளையாட்டையே தடை செய்ய வேண்டும் என்போர் உண்டு. அக்கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலையும் சக்கரமும் இருக்கும்வரை எவரேனும் இறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். தடை, மருத்துவரும் வேலியும் இல்லாத சரிவுகளுக்கே அவர்களை அனுப்பும். விழுவதை முற்றிலும் தவிர்க்க முடியாது எனும்போது, விழுந்த பின் எடுக்கப்படும் முடிவுகளையேனும் அடிபட்டவரின் கையில் இருந்து விலக்கி வைக்கலாம். தலையில் அடிபட்டவர் அன்று ஓடலாமா என்பதை, அணியிடமோ பெற்றோரிடமோ ஊதியம் பெறாத மருத்துவரே சொல்ல வேண்டும். காயத்தால் விலகியிருக்கும் பதின்பருவத்தினரின் தரவரிசைப் புள்ளிகளை, மகப்பேறு விடுப்பில் செல்பவரின் பணியிடத்தைக் காப்பதைப் போல, உறைய வைக்க வேண்டும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவையில்லை. எழுந்து வண்டியைத் தூக்கி நொண்டியபடி மீண்டும் ஏறும் இளைஞரின் காணொலி, வெற்றி பெற்ற ஓட்டத்தைவிட அதிகம் பார்க்கப்படும் காலத்தில் அதற்கான மனம்தான் கடினம்.

சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி என்ற ஊர் இந்த விளையாட்டை அறிந்தோருக்கு ஒரு நினைவுச் சின்னம். 2011-இல் கொட்டும் மழையில், வேர்களும் சேறுமாகக் கிடந்த அந்தச் செங்குத்துச் சரிவில் இருந்து இறங்கிய 19 வயது ஆங்கிலேயர் டேனி ஹார்ட், இரண்டாம் இடத்தவரை 11 நொடிக்கும் அதிகமான இடைவெளியில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். பலரை வீழ்த்திய அந்த மழையில் அவர் விழவில்லை. 2025 செப்டம்பரில் உலகச் சாம்பியன்ஷிப் அதே ஊருக்குத் திரும்பியது. மூத்தோர் பிரிவில் வானவில் கோடிட்ட சாம்பியன் சட்டையை அணிந்தவர் கோல்ட்ஸ்டோன். தாஸ்மானியாவில் அவர் விழுந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.