நிரல்பெயர்ப்பிப் பதிப்புகளும் நூலக முரண்பாடும்

ஒரே கணினியில் ஒரு நிரல்பெயர்ப்பியின் (கம்பைலர்) பல பதிப்புகள் நிறுவப்பட்டிருக்கும்போது, ஒரு பதிப்பால் உருவாக்கப்பட்ட நிரல் இயங்கும் வேளையில் வேறொரு பதிப்பின் நூலகத்தைப் பற்றிக்கொள்வது நூலக முரண்பாடு எனப்படும். நிரலில் பிழை இல்லாவிட்டாலும் அது இயங்காமல் போகலாம். இதை அறியாத மாணவர் தம் நிரலே தவறு என்று எண்ணிச் சரியானதைத் திருத்திக் கெடுத்துக்கொள்ள நேரிடும்.

காரணம்

குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எனப் பல அருவிகள் உள்ளன. தென்காசியில் பேருந்து ஏறும் ஒருவரிடம் "குற்றாலம் அருவிக்கு வா" என்று மட்டும் சொன்னால், அவர் முதலில் எதிர்ப்படும் அருவியிலேயே நின்றுவிடுவார். கணினியும் அவ்வாறே செய்கிறது. நூலகத்தைப் பெயரால் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி தொகுப்பின் சி++ நூலகம், லினக்ஸில் 2004இல் வந்த 3.4 பதிப்பு முதல் 'லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6' என்ற ஒரே பெயரில் வருகிறது. பெயர் மாறவில்லை, உள்ளடக்கம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய நிரல்கள் புதிய நூலகத்தில் இயங்கும். புதிய நிரல் பழைய நூலகத்தில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

2015இல் வந்த ஜிசிசி 5 பதிப்பில், சி++11 தரத்துக்கேற்ப சரம், பட்டியல் ஆகிய வகைகளின் உள்ளமைப்பு மாற்றப்பட்டது. அதனால் பழைய அமைப்பில் உருவான நூலகத்தைப் புதிய நிரலுடன் இணைக்கும்போது 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்ற பிழை எழக்கூடும்.

பள்ளிக் கணினிகளில்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பு மாணவர் சி++ பயில டெவ் சி++ மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அது தன்னுடன் ஒரு ஜிசிசி தொகுப்பையும் கொண்டுவருகிறது. 12ஆம் வகுப்பில், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடத்துக்காக மின்ஜிடபிள்யூ நிறுவப்படுகிறது. அந்தப் பைத்தான் நிரல் 'ஜி++' என்று பெயரை மட்டுமே சொல்லி அழைப்பதால், எந்த ஜி++ இயங்கும் என்பதைப் 'பாத்' மாறியில் கோப்புறைகள் இருக்கும் வரிசையே முடிவு செய்கிறது.

கண்டறிதல்

விண்டோஸில் 'வேர் ஜி++' என்ற கட்டளையும், லினக்ஸில் 'விச் -ஏ ஜி++' என்ற கட்டளையும் 'பாத்' வரிசையில் உள்ள ஜி++ இருப்பிடங்களை வரிசையாகக் காட்டும். உருவான நிரல் எந்த நூலகத்தை எடுக்கிறது என்பதை லினக்ஸில் 'எல்டிடி' கட்டளை காட்டும். விண்டோஸில் 32 பிட், 64 பிட் கோப்புகள் கலந்துவிட்டால் 0எக்ஸ்சி000007பி என்ற பிழை எண் தோன்றக்கூடும்.

தீர்க்கும் முறைகள்

1. தேவையான பதிப்பின் கோப்புறையைப் 'பாத்' வரிசையில் முதலில் வைத்து, கட்டளைச் சாளரத்தை மூடித் திறக்க வேண்டும்.

2. விண்டோஸ் நிரல் இருக்கும் கோப்புறையையே பொதுவாக முதலில் தேடும். எனவே உரிய டிஎல்எல் கோப்பை நிரலுக்கு அருகிலேயே வைக்கலாம்.

3. '-ஸ்டேட்டிக்-லிப்எஸ்டிடிசி++', '-ஸ்டேட்டிக்-லிப்ஜிசிசி' ஆகிய தெரிவுகளைச் சேர்த்தால் அந்த நூலகங்கள் நிரலுக்குள்ளேயே அடங்கிவிடும். கோப்பின் அளவு கூடும்; வேறு கணினிக்கு எடுத்துச் செல்ல எளிது.

4. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' மூலம் இயல்புப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

5. உள்ளமைப்பு வேறுபாட்டால் எழும் பிழைக்கு, எல்லாப் பகுதிகளையும் ஒரே பதிப்பால் மீண்டும் நிரல்பெயர்ப்பதே நிலையான தீர்வு.

'பிழை தீரட்டும்' என்று லினக்ஸின் கணினி நூலகத்தை அழிப்பதோ, அதன் மேல் பழைய கோப்பை நகலெடுத்து வைப்பதோ கூடாது. அந்த நூலகத்தை நம்பியிருக்கும் பிற மென்பொருள்களும் நின்றுபோகும்.