தெத்துப்பல்லுக்கெல்லாம் கம்பி வேண்டுமா?

பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதே பெற்றோருக்குக் கவலையும் முளைத்துவிடும். "பல்லு கோணிக்கிட்டு வருதே டாக்டர், எப்போ கிளிப் போடணும்?" எப்போது என்று கேட்பவர்கள்தான் அதிகம், போடத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் குறைவு. கண்ணாடியில் தெரியும் கோணலை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. பார்க்கச் சற்று ஏறுமாறாக இருக்கும் வரிசையை அப்படியே விட்டுவிடலாம். முத்துக் கோத்தாற்போல் சிரிக்கும் பிள்ளைக்கு உடனே சிகிச்சை தேவைப்படலாம்.

மில்லிமீட்டர் கணக்கு

பல் சீரமைப்பு மருத்துவர் முதலில் பார்ப்பது கடியைத்தான். கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடிக்கச் சொல்லி, ஒரு சின்ன எஃகு அளவுகோலைக் கீழ் முன்பல்லில் முட்டும்படி படுக்கையாக வைப்பார். அங்கிருந்து மேல் முன்பல்லின் விளிம்பு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பார்ப்பார். 2, 3 மில்லிமீட்டர் என்றால் இயல்பு. 6-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவைப்படும் எத்துப்பல். 9-ஐத் தாண்டினால் தேவை மிக அதிகம். இப்படித் துருத்தும் பல்தான் பிள்ளை ஓடி விழும்போது முதலில் உடைகிறது.

இந்த எல்லைகள், 1989-ல் பிரிட்டனில் புரூக், ஷா என்ற இருவர் வெளியிட்ட சிகிச்சைத் தேவைக் குறியீட்டில் உள்ளவை. அதில் ஐந்து படிகள்: முதல் படிக்குச் சிகிச்சையே வேண்டாம், ஐந்தாம் படிக்குக் கட்டாயம் வேண்டும். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. குறைகளையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே மோசமான குறை எதுவோ, அதுவே படியை முடிவு செய்யும். நாலைந்து பல் லேசாக விலகியிருந்தாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். வெளியே வர முடியாமல் ஒரே ஒரு பல் எலும்புக்குள் சிக்கிக் கிடந்தால் நேராக ஐந்து.

தோற்றத்துக்கும் தனி அளவு இருக்கிறது. பத்துப் புகைப்படங்களை வரிசையாக வைத்து, பிள்ளையின் பல் எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு 4, 5 படிகள் என்றால் பிரிட்டன் அரசின் சுகாதார சேவை இலவசமாகச் சிகிச்சை தரும். மூன்றாம் படி என்றால் புகைப்பட எண் 6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் கம்பி மாட்டுகிறோம். அதனாலேயே இந்தக் கணக்கு நமக்கு இன்னும் அதிகம் தேவை.

வெளியே தெரியாத கோளாறுகள்

மேல் கோரைப்பல் 11, 12 வயதில் வெளிவரும். பத்து வயதிலேயே பால் கோரைப்பல்லுக்கு மேலே உதட்டுப் பக்கத்து ஈறை விரலால் தடவினால், உள்ளே இறங்கி வரும் பல்லின் மேடு தட்டுப்படும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் வெறுமையாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. பல் அண்ணத்துப் பக்கம் வழி தவறியிருக்கலாம். அந்த வயதில் பால் கோரைப்பல்லைப் பிடுங்கிவிட்டால் போதும், புதுப் பல் தானே வழிக்கு வந்துவிடுவதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் பக்கத்து முன்பல்லின் வேரை அது கரைத்துவிடக்கூடும். வலி இருக்காது, வெளியே எதுவும் தெரியாது.

இன்னொன்று குறுக்குக் கடி. மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக விழும். வசதியாகக் கடிக்கப் பிள்ளை தாடையை ஒரு பக்கம் தள்ளிக்கொள்ளும். கடிக்கும்போது மோவாய் நடுக்கோட்டை விட்டு நகர்கிறதா என்று நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். கீழ் முன்பற்கள் அண்ணத்தில் குத்திப் புண்ணாக்கும் ஆழக் கடியும் நாலாம் படியில் வரும்.

பதறத் தேவையில்லாதவை

எட்டு வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, பற்கள் விசிறியாக விரிந்து நிற்பது பெரும்பாலும் இயல்புதான். கோரைப்பல் இறங்கும்போது அது தானாகவே நெருங்கிவிடும். கீழே பால் பல் விழுவதற்குள் புதுப் பல் பின்னால் முளைத்து "ரெட்டை வரிசை" ஆவதும் அப்படித்தான். பால் பல் விழுந்ததும் நாக்கே புதுப் பல்லை முன்னே தள்ளிவிடும். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டம் இருக்கட்டும், பிரஷ் போகிறது, கடி சரியாக விழுகிறது, பிள்ளைக்கும் அதனால் மனக்குறை இல்லை என்றால் விட்டுவிடலாம்.

பால் பல்தானே என்று விட்டால்

ஆறு வயதில் எந்தப் பால் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் ஏராளம். சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே பிடுங்கினாலும் சிக்கல்தான்: பின்பல் முன்னே சாய்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம்காக்கும் சிறு வளையம் ஒன்று போட வேண்டுமா என்று பிடுங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். முன்பல் முளைத்த பிறகும் தொடரும் விரல் சூப்பல், வாயால் மூச்சு விடுவது, குறட்டை இவற்றையும் சொல்லுங்கள்.

சம்மதிக்கும் முன்

ஏழு வயதில் ஒருமுறை காட்டுவது நல்லது. காட்டினால் உடனே கம்பி என்று அர்த்தமில்லை. பல் அச்சு, முழு வாய் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்த பிறகே திட்டம் போட வேண்டும். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் படி, இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கம்பி போட்டால் சொத்தையே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியாகத் துலக்காவிட்டால் கம்பியைச் சுற்றித்தான் வெள்ளைத் திட்டு விழும். ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் நெருங்குகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. செலவு இடித்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். பெரியவர்களுக்கும் ஈறு நன்றாக இருந்தால் வயது தடையில்லை.

சிகிச்சை சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். கம்பியைக் கழற்றியதும் ரீட்டெய்னர் தருவார்கள். அதைப் போடாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கல்யாணப் பந்தியில் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்து, எச்சில் இலையோடு போன ரீட்டெய்னர்களுக்குக் கணக்கில்லை. மூடி போட்ட டப்பா ஒன்றையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.