குற்றவாளிக் கூண்டில் ஒரு கேசட்

1992 ஏப்ரல் மாத இரவு ஒன்றில், டெக்சாஸ் நெடுஞ்சாலையில் திருட்டு வண்டி ஓட்டிப் போய்க்கொண்டிருந்தான் 18 வயது ரொனால்ட் ரே ஹோவர்ட். முகப்பு விளக்கில் கோளாறு என்று மாநிலக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் வந்தவரை ஹோவர்ட் சுட்டான். அவர் பிழைக்கவில்லை. வண்டியின் டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது ராப் பாடகர் டூபாக் ஷகூரின் 'டூபாகலிப்ஸ் நவ்' ஆல்பம்.

கொலையை மறுக்க வழியில்லாத வழக்கு. 1993இல் விசாரணை நடந்தபோது, உயிரையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஹோவர்டின் தரப்பு பாட்டைப் பிடித்துக்கொண்டது. போலீஸோடு மல்லுக்கு நிற்கும் பாடல்களிலேயே ஊறிப்போன பையன், அந்த நொடியிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது வாதம். அதற்கு முந்தைய ஆண்டே துணை அதிபர் டான் குவேல், இந்த ஆல்பத்துக்குச் சமூகத்தில் இடமே இல்லை என்று பேசியிருந்தார். காவலரின் குடும்பமும் இசை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. கொன்றவனின் வக்கீல், நாட்டின் துணை அதிபர், இறந்தவரின் வீட்டார் என்று எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள் எல்லாம் ஒரே திசையில் விரல் நீட்டினார்கள். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஹோவர்டுக்கு மரண தண்டனை, 2005இல் நிறைவேறியது. நிறுவனங்கள் மீதான வழக்கு 1997இல் தள்ளுபடியானது. 4 லட்சத்துக்கும் மேல் விற்ற ஆல்பம், அதனால் நேர்ந்த வன்முறை என்று காட்ட இந்த ஒரு சம்பவம்தான் இருக்கிறது என்பது நீதிபதி சுட்டிய காரணங்களில் ஒன்று.

நீதிமன்றத்தில் முடிந்த வாதம் வீடுகளில் முடியவில்லை. பையன் தடம் மாறினால் பாட்டு கெடுத்ததா, வளர்ப்பு சரியில்லையா என்ற பட்டிமன்றம் அமெரிக்காவில் 35 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் தடுமாறும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி 1970களின் தொடக்கத்தில் சிதைந்து கிடந்தது. குடியிருப்புகளின் நடுவே விரைவுச்சாலை போட்டதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக் கட்டடத்துக்கே தீ வைத்த உரிமையாளர்கள் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு கும்பல். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைக்க முடியாது. 1971 டிசம்பரில், சமாதானம் பேசப் போன ஓர் இளைஞரை அடித்தே கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழி என்று கிளம்பியிருக்க வேண்டிய கும்பல்கள், ஹோ அவென்யூவில் ஒன்றாக உட்கார்ந்து சண்டையை நிறுத்தப் பேசின. அதற்குப் பிறகுதான் அடுத்த தெருவில் நடக்கும் விருந்துக்குப் போய் ஆடிவிட்டு உயிரோடு திரும்புவது கொஞ்சமாவது முடிந்தது.

அப்படி ஒரு விருந்து 1973 ஆகஸ்ட் 11 அன்று 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்தது. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தினாள். இசைத்தட்டு சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஊருக்கு டிஜே கூல் ஹெர்க். அவருக்கும் அப்போது வயது 18. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான்.

துப்பாக்கியும் வசைச்சொல்லும் பின்னால் வந்தவை; அவையும் ஒரு கிளையில் மட்டும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழு 1988இல் ஆல்பம் போட, மறு ஆண்டே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். விளம்பரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பாட்டில் கொலை வருவது ராப்புக்கு மட்டும் சொந்தமல்ல. காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றிய பாடலைக் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற வெள்ளையர் நாட்டுப்புற இசைக்குழு 1960இலேயே பாடியிருக்கிறது. உளவியலாளர் கேரி ஃப்ரைட் அந்த வரிகளை எடுத்துச் சிலரிடம் ராப் என்றும், வேறு சிலரிடம் கன்ட்ரி பாடல் என்றும் சொல்லிப் படிக்கக் கொடுத்தார். ராப் என்று நம்பியவர்கள், இது ஆபத்தானது, கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். கன்ட்ரி என்று நம்பியவர்களுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. பாடியவர் என்று கறுப்பினத்தவரின் படத்தைக் காட்டியபோதும் அதே கதைதான். 1996இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தால், பெற்றோரின் பயத்தில் பாதி பாட்டைப் பற்றியதே இல்லை என்று சந்தேகம் வரும்.

மீதிப் பாதியைத் தள்ளிவிட முடியாது. அலபாமாவில் 14 முதல் 18 வயது வரையான 522 கறுப்பினப் பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2003இல் வெளியானது. ராப் வீடியோக்களை அதிகம் பார்த்தவர்களுக்கு, குறைவாகப் பார்த்தவர்களைவிட ஆசிரியரை அடிக்கும் வாய்ப்பு 3 மடங்கு, கைதாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகம். பெற்றோரின் கண்காணிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. ராப்பைப் பழிப்பவர்கள் கையில் இருக்கும் வலுவான சான்று இதுதான். ஆனால் வீடியோ அந்தப் பெண்ணை மாற்றியதா, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தவள் அந்த வீடியோவைத் தேடிப் போனாளா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

நாட்டின் கணக்கு வேறு திசையில் போகிறது. 1993இல் அமெரிக்காவில் லட்சம் பேருக்கு 9.5 கொலை. 2000இல் அது 5.5 ஆனது. அதே ஆண்டுகளில்தான் ராப் கறுப்பினத் தெருக்களைத் தாண்டி வெள்ளையர் புறநகரங்களில் புகுந்து, 1998இல் கன்ட்ரி இசையையே விற்பனையில் முந்தியது. பாட்டுதான் சுட வைக்கிறது என்றால் அந்தப் பத்தாண்டில் பிணங்கள் குவிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வளர்ப்பா? ராப் இசையே யார் காதிலும் விழாத காலத்திலிருந்து இதற்கு ஒரு சாட்சி உண்டு. பாஸ்டனில் ஷெல்டன் குளூக், எலனார் குளூக் தம்பதியர் 1940களில் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட 500 பையன்களையும், அதே மாதிரி ஏழைத் தெருக்களில் வளர்ந்து வம்புக்குப் போகாத 500 பையன்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் வெள்ளையர். அந்தக் காகிதங்கள் ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் நிலவறையில் பல ஆண்டு பெட்டிகளில் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் இருவரும் அவற்றைத் தோண்டியெடுத்துக் கணினியில் ஏற்றி 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறான் என்று தாய் கவனிக்கிறாளா, அடியும் திட்டும் காரணத்தோடு வருகின்றனவா, தோன்றியபோதெல்லாம் வருகின்றனவா, வீட்டில் பாசம் ஒட்டியிருக்கிறதா என்பவைதான் அதிகம் பேசின. வறுமை கெடுத்ததும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான்: இரண்டு வேலை பார்த்துக் களைத்துவரும் தாயால் வாசலை எப்படிக் கவனிக்க முடியும்?

இதையும் முழுதாக நம்பாதவர்கள் இருக்கிறார்கள். 1998இல் ஜூடித் ரிச் ஹாரிஸ் எழுதிய நூல், பெற்றோரைவிட சேர்க்கைதான் பிள்ளையை உருவாக்குகிறது என்று அடித்துச் சொன்னது. பெற்றோர் சிலர் ஆறுதலடைந்தார்கள், பலர் கொதித்தார்கள். சாம்ப்சனே 1993 நூலுக்குப் பிறகு சிகாகோவில் வீட்டைத் தாண்டித் தெருவை ஆராய்ந்தார். 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம், தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுச் சுற்றினால், சுவரில் கிறுக்கினால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்று விசாரித்தார்கள். கேட்பார்கள் என்று நம்பிய பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவு. ஹிப்-ஹாப்பின் தூண்களில் ஒன்றான சுவர்க் கிறுக்கலே அந்தக் கேள்வித்தாளில் இருந்தது வேடிக்கை. ஆக, வளர்ப்பு என்பது நான்கு சுவருக்குள் முடிவதில்லை. தெருவுக்கும் அதில் பங்கு உண்டு.

என்.டபிள்யூ.ஏ.வின் அதே காம்ப்டனில் 1987இல் பிறந்த கெண்ட்ரிக் லமாரின் பாடல்களில் கும்பல், போதை, துப்பாக்கி எல்லாமே உண்டு. கூடவே வீட்டுக்கு வரச்சொல்லும் அம்மா அப்பாவின் குரலும் உண்டு. 2017இல் வந்த 'டேம்' ஆல்பத்தின் கடைசிப் பாடல் அவருடைய அப்பாவைப் பற்றியது. கே.எஃப்.சி.யில் வேலை பார்த்த அவர், கடைக்கு வரும் ரவுடி ஒருவருக்குக் காசில்லாமல் கோழித்துண்டுகளைக் கொடுத்து நட்பாக்கிக்கொண்டார். கடையைக் கொள்ளையடிக்க வந்தபோது ரவுடி அப்பாமீது கைவைக்காமல் விட்டார். அந்த ரவுடி ஆன்டனி டிஃபித்தான் பின்னாளில் இசை நிறுவனம் தொடங்கி கெண்ட்ரிக்கை வளர்த்தவர். அப்பா அன்று செத்திருந்தால் மகனும் தெருவிலேயே முடிந்திருப்பான் என்று பாடலே கணக்குப் போடுகிறது. 2018இல் அந்த ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இசைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. லண்டனின் டிரில் ராப்பில் எதிர்க்கும்பலின் இறந்தவர்களைக் கேலி செய்யும் வீடியோக்கள் உண்டு. கைபேசியில் அது பரவும்போது, ஏற்கெனவே இருக்கும் பகைக்கு நெய் வார்த்த மாதிரிதான். காவல்துறை 2018இல் பல வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுக்க வைத்தது. மறு ஆண்டு, நீதிமன்றத் தடையை மீறிப் பாடியதற்காக இரண்டு ராப்பர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

அதே நகரத்தில் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசு செலவைக் குறைத்ததில், 2010க்கும் 2019க்கும் இடையே லண்டனின் இளைஞர் மன்றங்களில் சுமார் 30 விழுக்காடு மூடப்பட்டன. பள்ளி விட்டதும் பையன்கள் பந்து விளையாடவும், சும்மா உட்கார்ந்து பேசவும், பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கவும் அவைதான் இடம். பொருளியலாளர் கார்மென் வில்லா 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அருகிலிருந்த மன்றம் மூடப்பட்ட பகுதிகளில் பதின்வயதினர் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது. இப்படிப்பட்ட மன்றங்கள் சிலவற்றில் பையன்கள் ராப் பாடிப் பதிவுசெய்யச் சிறிய ஸ்டூடியோவும் இருந்தது.